சப்பை மண்டை - யாரு குத்தம்?

எங்க பக்கம் பிள்ளை பார்க்க வர்றவங்க மூணு விஷயத்தைப் பத்தி கண்டிப்பா ஒரு கருத்து சொல்லிட்டுத்தான் போவாங்க. நிறம், மூக்கு, மண்டை. "மூக்கை நல்லா நீவி விடும்மா". "மண்டை ஒரு பக்கம் சப்பையா இருக்கே, திருப்பிப் போடக் கூடாதா?" நிறத்தையும் மூக்கையும் ஏதாவது ஒரு தாத்தா தலையில கட்டிடலாம். சப்பை மண்டை மட்டும் நேரா பெத்தவ தலையில வந்து விழும்.

போன ரெண்டு வருஷத்துல எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பிள்ளைகளுக்கு இந்தப் பிரச்னை வந்துச்சு. ஒண்ணு டாலஸ்ல இருக்கிற அக்கா மகளோட பையன். இன்னொண்ணு இங்க திருத்தங்கல்ல, எங்க தெருவுல. ரெண்டு வீட்டுலயும் அம்மாக்காரி அழுததைப் பார்த்ததால, கொஞ்சம் தேடிப் படிச்சேன். அதைத்தான் எழுதுறேன்.

முதல்ல டாலஸ். ரெண்டாம் மாச செக்கப்புல டாக்டர் கவனிச்சிருக்கார். பின்மண்டை வலது பக்கம் தட்டையா இருக்கு, வலது காது லேசா முன்னாடி தள்ளியிருக்கு. இதுக்குப் பேரு பிளேஜியோசெஃபலி. அக்கா மக போன்ல, "மாமா, நான்தான் ஒரே பக்கமா படுக்கப் போட்டுட்டேன் போல" அப்படின்னு ஒரே அழுகை. அஞ்சாவது மாசம் ஹெல்மெட் பத்திப் பேச்சு வந்ததும் எங்கம்மா இங்க இருந்து போட்ட சத்தம் சிவகாசி வரைக்கும் கேட்டிருக்கும். "பச்சை மண்டையில ஹெல்மெட்டா? பிள்ளை என்ன புல்லட்டா ஓட்டப் போகுது? நல்லெண்ணெயத் தொட்டு நாலு நாளு உருட்டி விடுடி, தன்னால சரியாப் போகும்!"

அமெரிக்காவுல முன்னாடியெல்லாம் குழந்தைகளைக் குப்புறப் போட்டுத்தான் தூங்க வைப்பாங்க. நல்லா இருந்த பிள்ளை தூக்கத்துலயே காரணம் தெரியாம இறந்து போற திடீர் சிசு மரணத்துக்கும், குப்புறத் தூங்குறதுக்கும் தொடர்பு இருக்குன்னு ஆய்வுகள் காட்டுச்சு. 1992-ல் அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் கழகம் குப்புறப் போடாதீங்கன்னு சொன்னாங்க. 1994-ல் மல்லாக்கப் படுக்க வையுங்கன்னு நாடு முழுக்கப் பிரசாரமே நடந்துச்சு. அதுக்கப்புறம் அந்த மரணங்கள் பாதிக்கும் மேல குறைஞ்சது.

கூடவே இன்னொண்ணும் நடந்துச்சு. பிறந்த குழந்தையோட மண்டை எலும்பு நம்மளது மாதிரி ஒரே ஓடு கிடையாது. தனித்தனித் தகடுகள், நடுவுல இடைவெளி. பிரசவத்துல வெளிய வர்றதுக்கும், மூளை வளர்றதுக்கும் அப்படி இருந்தாத்தான் வசதி. அந்த இளகின மண்டை ஒரே இடத்துல அழுந்திக்கிட்டே இருந்தா அங்க தட்டையாகுது. கனடாவுல கால்கரி நகரத்துல 7 முதல் 12 வாரக் குழந்தைகள் 440 பேரைப் பரிசோதிச்சு 2013-ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 46.6 சதவீதக் குழந்தைகளுக்கு மண்டையில ஏதோ ஒரு அளவு சப்பை! அதுல முக்கால்வாசிக்கு மேல லேசானதுதான்.

ஆக, பிள்ளைய மல்லாக்கப் போட்டவ தப்பு செய்யல. பிள்ளை உயிரோட இருக்கணும்னு டாக்டர் சொன்னதைச் செஞ்சிருக்கா. இதை அக்கா மககிட்ட நாலு தடவை சொன்னேன். அப்புறம்தான் அழுகை நின்னுச்சு.

இப்ப ஹெல்மெட். 1979-லயே அமெரிக்காவுல ஸ்டெர்லிங் கிளேரன்னு ஒரு டாக்டரும் அவரோட சகாக்களும் இந்த முறையைப் பத்தி எழுதியிருக்காங்க. பலரும் நினைக்கிற மாதிரி இது மண்டையை அமுக்குறது இல்லை. துருத்தி இருக்கிற பக்கத்துல ஒட்டி நிக்கும், சப்பையான பக்கத்துல காலி இடம் விட்டிருக்கும். வளர்ற மண்டை அந்தக் காலி இடத்தைப் பார்த்து வளரும். பூசணிப் பிஞ்சைச் சாடிக்குள்ள விட்டா சாடி வடிவத்துல காய்க்கும் பாருங்க, அந்த மாதிரி. ஒரு நாளைக்கு 23 மணி நேரம் போட்டிருக்கணும், குளிக்கும்போது மட்டும் கழட்டலாம். மண்டை வேகமா வளர்றது முதல் வருஷத்துலதான்கிறதால 4 மாசத்துல இருந்து 12 மாசத்துக்குள்ள போட்டாத்தான் பலன். செலவு சில ஆயிரம் டாலர். இன்சூரன்ஸ் சில பேருக்குக் கொடுக்கும், சில பேருக்கு 'இது அழகுக்காக' அப்படின்னு கையை விரிச்சிடும்.

பலன் இருக்கான்னு கேட்டா, அங்கதான் சிக்கல். நெதர்லாந்துல மிதமாவும் அதுக்கு மேலயும் சப்பை இருந்த 84 குழந்தைகளை ரெண்டு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு 6 மாசம் ஹெல்மெட், இன்னொரு குழுவை அப்படியே விட்டுட்டாங்க. 2 வயசுல அளந்து பார்த்தா, முழுசா சரியானது ஹெல்மெட் குழுவுல 26 சதவீதம், சும்மா விட்ட குழுவுல 23 சதவீதம். பெரிய வித்தியாசமே இல்லை. ஹெல்மெட் போட்ட பிள்ளைகளுக்குத் தோல் அரிப்பு, வேர்வை, நாத்தம், அள்ளிக் கொஞ்ச முடியலைன்னு பெத்தவங்களுக்கு வருத்தம். 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஆய்வு இது. மறுபக்கம், நிறைய பிள்ளைகளுக்கு ஹெல்மெட் சரியாவே பொருந்தலை, ரொம்ப மோசமா சப்பையானவங்களையும் கழுத்துச் சிக்கல் உள்ளவங்களையும் சேர்க்கவே இல்லைன்னு இந்த ஆய்வு மேல விமர்சனம் இருக்கு. 2016-ல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டுதல்ல, மாத்தி மாத்திப் படுக்க வச்சும் உடற்பயிற்சி கொடுத்தும் சரியாகாத, மிதமான அல்லது அதிகமான சப்பைக்கு ஹெல்மெட் போடலாம்னு சொல்றாங்க.

அக்கா மக ரெண்டு மாசம் பயிற்சி கொடுத்துப் பார்த்தா. குறைஞ்சது, ஆனா போதலை. கடைசியில ஹெல்மெட் போட்டாங்க. நாலு மாசம். கழட்டினப்போ மண்டை நல்லாவே தேறியிருந்துச்சு. போடலைன்னாலும் தேறியிருக்குமா? யாராலயும் சொல்ல முடியாது. இந்த விஷயத்துல கஷ்டமே அதுதான். ஒரு பிள்ளைக்கு ரெண்டு வழியையும் ஒரே நேரத்துல செஞ்சு பார்க்க முடியாதே.

இனி திருத்தங்கல். அம்மா பட்டாசு ஆபீஸுக்குப் போறவ (எங்க ஊர்ல பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ்னுதான் சொல்லுவோம்). அப்பா சிவகாசியில ஆப்செட் பிரஸ்ல வேலை. காலையில கம்பெனி வேன் வந்துடும். ஐம்பது பெண்களுக்கு மேல வேலை பார்த்தா குழந்தைகள் காப்பகம் வைக்கணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே எழுதினாங்க. எழுதினது சரி, மருந்து நெடி அடிக்கிற பக்கம் நாலு மாசப் பிள்ளையத் தூக்கிட்டுப் போக எந்தத் தாய்க்கு மனசு வரும்? அதனால பிள்ளை ஆச்சியோட வீட்டுலதான். உத்திரத்துல சேலைத் தூளி. வாசப்பக்கம் வெளிச்சம், ஆள் நடமாட்டம் எல்லாம் இடது கைப்பக்கம். பிள்ளையும் எந்நேரமும் அந்தப் பக்கமே பார்த்துக்கிட்டுக் கிடந்தது. பின்மண்டை இடது பக்கம் சப்பை.

தெருவே பேசுச்சு. "வேலைக்குப் போறவ பிள்ளை அப்படித்தான் இருக்கும்". நாலு காசு சம்பாதிக்கப் போனவளுக்கு இந்தப் பேச்சு என்ன பண்ணும்னு யோசிச்சுப் பாருங்க. அவ ஒரு வாரம் வேலைக்கே போகலை.

தடுப்பூசிக்குப் போன இடத்துல ஒரு நர்ஸம்மா மண்டையை விட்டுட்டு முதல்ல கழுத்தைப் பார்த்திருக்காங்க. கிலுகிலுப்பையை வலது பக்கம் ஆட்டினா பிள்ளை கண்ணை மட்டும் திருப்புது, கழுத்து திரும்பலை. டாலஸ் பையனுக்கும் கடைசியில கண்டுபிடிச்சது இதேதான். டார்ட்டிகாலிஸ்னு சொல்றாங்க. கழுத்தோட ஒரு பக்கத் தசை இறுகிப் போய், பிள்ளையால ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்ப முடியாது. திரும்ப முடியாததால ஒரே பக்கம் படுக்கும், அதனால மண்டை சப்பையாகும். வாசல் வெளிச்சமும் அம்மா வேலைக்குப் போனதும் அதுக்கு அப்புறம்தான். நம்மாளுங்க எல்லாரும் மண்டையையே பார்த்துக்கிட்டிருந்தோம்!

பிசியோதெரபிஸ்ட் ஒருத்தர் கழுத்துப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். ஆச்சி அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. தூளியில போடறதைக் குறைச்சு, தரையில பாயை விரிச்சு, இன்னைக்குத் தலை கிழக்கே, நாளைக்கு மேற்கேன்னு மாத்திப் போட்டாங்க. முழிச்சிருக்கும்போது ஆள் பக்கத்துல உக்காந்து குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டினாங்க. மிச்ச நேரம் இடுப்புல. ஹெல்மெட் இல்லை, செலவும் பெருசா இல்லை. பத்தாம் மாசம் இருக்கன்குடியில மொட்டை போட்டாங்க. சப்பையெல்லாம் மறைக்கவே முடியாத நாள் அது :-) லேசாத் தெரிஞ்சது. முடி வளர்ந்ததும் அதுவும் தெரியலை.

பாட்டி வைத்தியம் எல்லாம் சரின்னு சொல்ல வரலை. தூக்கி வச்சுக்கிறது, திருப்பிப் போடறது, கூடவே இருந்து விளையாடறது, இதெல்லாம் இன்னைக்கு டாக்டரும் சொல்றதுதான். கையால மண்டையை அமுக்கி உருட்டுறது வேண்டாம். உருண்டையாகும்னு விக்கிற கடுகுத் தலையணையும் வேண்டாம், தூங்குற பச்சைப்பிள்ளை பக்கத்துல தலையணையே கூடாதுங்கிறாங்க. முக்கியமா, சப்பை போகணும்னு ராத்திரி குப்புறப் போட்டுத் தூங்க வைக்காதீங்க. மண்டை சப்பையா இருந்தா பிள்ளை பொழைச்சுக்கும்.

இன்னொண்ணு. "தன்னால சரியாயிடும்" அப்படிங்கிறதுக்கும் ஒரு எல்லை உண்டு. மண்டைத் தகடுகள் நேரத்துக்கு முன்னாடியே ஒட்டிக்கிற கிரேனியோசினோஸ்டோசிஸ்னு ஒரு நோய் இருக்கு. அரிதானது, ஆனா அதுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன்தான் வழி. பிறந்ததுல இருந்தே வடிவம் வித்தியாசமா இருந்து, நாளாக ஆக மோசமாகுதா? மண்டையில வரப்பு மாதிரி கையில தட்டுப்படுதா? தலைச் சுற்றளவு வளரலையா? உடனே டாக்டர்கிட்ட போயிடணும், எண்ணெயை நம்பி உக்காரக் கூடாது. மத்தபடி படுத்துப் படுத்து வந்த சப்பை மூளையை அமுக்குறது இல்லை.

ரெண்டு மாசக் குழந்தை வீட்டுல இருந்தா, மண்டையைத் தடவிப் பார்க்கிறதுக்கு முன்னாடி கழுத்து ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்புதான்னு பாருங்க. ஒரு கிலுகிலுப்பை போதும். சீக்கிரம் பார்த்துட்டா பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஹெல்மெட் பேச்சே வராது. பிள்ளை பார்க்கப் போறவங்க, தயவுசெஞ்சு அந்தத் தாய்கிட்ட "திருப்பிப் போடக் கூடாதா"ன்னு கேக்காம, "குடு, கொஞ்ச நேரம் நான் தூக்கி வச்சிருக்கேன்"னு வாங்கிக்கோங்க. மண்டைக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லைங்க. உங்க பிள்ளைக்கு உங்க டாக்டர் சொல்றதுதான். உங்க ஊர்ப்பக்கம் மண்டைக்கு என்ன பண்ணுவாங்க, உங்க வீட்டுல யாராவது ஹெல்மெட் போட்டிருக்காங்களா? வந்து சொல்லிட்டுப் போங்க மக்களே.