முப்பத்தொன்றாம் தேதி

தேதியைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறதென்று அன்பர்கள் நகைக்கக் கூடும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஒரு மூதாட்டியார் நம்மைத் திருத்தும் வரையில்.

சிங்கப்பூரில் ஒரு சங்கத்தார் ஆதரவற்ற பெண்டிர்க்கு மாதந்தோறும் உதவித் தொகை வழங்கி வருகின்றனர். அக்கணக்குக்குரிய மென்பொருளை எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தது. "மாதக் கடைசியில் கொடுக்க வேண்டும்" என்றார் செயலாளர். நாமோ ஜனவரியில் தொடங்கி, 'மாதந்தோறும் 31-ஆம் தேதி' என்று விதி எழுதிவிட்டோம். பிப்ரவரியில் பட்டியலே வரவில்லை. மார்ச் முதல் நாள் அம்மூதாட்டியார் வந்து, "என் பேரை அடித்துவிட்டீர்களா, தம்பி?" என்று வினவினார். நாம் தலை குனிந்தோம்.

பிழை கணினியினுடையதன்று. கணினி நாட்காட்டிகளுக்கென 2009-இல் திருத்தி வகுக்கப்பட்ட ஐகேலண்டர் நெறியும், மாதத்தில் இல்லாத தேதியைத் தள்ளிவிடும்படியே கூறுகிறது. 31 நாள் கொண்ட மாதங்கள் ஆண்டில் ஏழே. ஏனைய ஐந்திலும் அவ்வம்மையார் வெறுங்கையோடு திரும்பியிருப்பார். 'முப்பத்தொன்று' என்பது வேறு, 'கடைசி நாள்' என்பது வேறு. செயலாளர் சொன்ன பொருளை விட்டு எண்ணைப் பற்றிக்கொண்டதே நம் குற்றம்.

அன்றே அனைத்தையும் திருத்தி எழுதினோம். மீண்டும் மீண்டும் வரும் நாட்களைப் பட்டியலாக அடுக்காமல், "இந்நாள் உன்னுள் அடங்குமா?" என்ற கேள்விக்கு விடை சொல்லும் பொருளாக அமைக்கலாமென மார்ட்டின் பவுலர் 1997-இல் எழுதினார். அவ்வழியைக் கைக்கொண்டோம்.

உதவிக் காலத்தையும், தொடக்கமும் முடிவும் பிரியாத ஒரே பொருளாக்கினோம். தொடக்க நாள் சேரும். முடிவு நாள் சேராது. ஜனவரி 1 முதல் ஏப்ரல் 1 வரை ஒரு தவணையெனில், அடுத்தது ஏப்ரல் 1-லேயே தொடங்கும். இடையில் ஒரு நாளும் விடுபடாது. ஒரு நாளும் இருமுறை எண்ணப்படாது.

தீபாவளிக்கு மட்டும் விதி எழுதவில்லை. அது சந்திரனைப் பின்பற்றி வருவதாதலால் ஆங்கிலத் தேதிக்குள் நிலையாக அடங்காது. அரசாங்கம் ஆண்டுதோறும் அறிவிக்கும் நாளையே எழுதி வைத்தோம். விதிக்கு அடங்காததை விதியென்று பாவனை செய்தல் அறிவுடைமையாகாது.

ஏப்ரலுக்கு 30 நாட்களே. அம்மாதக் கடைசியில் பட்டியல் தவறாமல் வந்தது. மூதாட்டியாரின் பெயரும் அதிலிருந்தது. நமக்கு அது வெறும் தேதி. அவருக்கோ அரிசி வாங்கும் நாள். நிரல் எழுதும் இளைஞர்கள் இதனை மறவாதிருப்பார்களாக.