எலுமிச்சையா, வினிகரா? ஊறுகாய்க்காகப் பிரிந்த குடும்பமும் துருக்கியின் 'நறுக்' மிளகாயும்!

சண்டைக்குக் காரணம் சொத்து இல்லை, மாமியாரும் இல்லை. ஊறுகாய்! எலுமிச்சைச் சாறு ஊற்றினால்தான் ருசி என்கிறார் ஒருவர். வினிகர் இல்லாமல் ஊறுகாயா என்கிறார் இன்னொருவர். வாக்குவாதம் முற்றி, ஊறுகாய்க்கடை நடத்தும் தம்பதி பிரிந்தே போகிறார்கள். ஆறு பிள்ளைகளும் இரண்டு பக்கமாகப் பிரிகிறார்கள். 1978-ல் வெளியான 'நெஷேலி குன்லர்' என்ற துருக்கிப் படத்தின் கதை இது. முனீர் ஓஸ்குலும் அதிலே நாஷித்தும் சண்டைக்காரத் தம்பதியாக நடித்த அந்தப் படத்தால், 'எலுமிச்சையா, வினிகரா?' என்ற கேள்வி அங்கே இன்றைக்கும் ஓயவில்லை.

கொஞ்சம் மிகைதான். ஆனால், இஸ்தான்புல்லில் ஒரு நாள் நடந்து பார்த்தால் அவ்வளவு மிகையாகத் தெரியாது. காலாதா பாலத்தை ஒட்டிய எமினோனு படகுத்துறையில், பன்னுக்குள் பொரித்த மீனை வைத்துத் தருகிறார்கள். அதைச் சாப்பிட்டவர்கள் அடுத்துப் போவது ஊறுகாய்த் தண்ணீர் கடைக்கு. ஆமாம், ஊறுகாய் ஊறிய தண்ணீரையேதான் டம்ளரில் ஊற்றி, மேலே நாலு துண்டு காயும் போட்டுக் குடிக்கிறார்கள்.

அங்கே ஊறுகாயின் பெயர் 'துர்ஷு'. எண்ணெய், கடுகு, பெருங்காயம் எதுவும் கிடையாது. உப்புத் தண்ணீர், பூண்டு, புளிப்புக்கு மேலே சொன்ன இரண்டில் ஒன்று. அவ்வளவுதான். நம் மாவடுவுக்குத்தான் அது நெருங்கிய சொந்தம்.

இதையே பிழைப்பாகக் கொண்ட ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் தெற்கே போக வேண்டும். 2016-ல் திறக்கப்பட்ட ஒஸ்மான்காஸி பாலம் வழியாக இஸ்மித் வளைகுடாவைத் தாண்டினால், பூர்சா மாகாணத்தில், இஸ்னிக் ஏரியும் ஆலிவ் தோப்புகளுமாக ஓர்ஹான்காஸி வட்டாரம் வருகிறது. அங்கேதான் ஊறுகாய்க்குப் பேர்போன கெதெலெக் இருக்கிறது. வெள்ளரி, முட்டைகோஸ், பச்சைத் தக்காளி என்று பலவற்றையும் ஊறப்போடுகிறார்கள். ஆனால், பக்குவம் தெரிந்தவரா என்று சொல்லிவிடுவது மிளகாய்தான். கடித்தால் 'நறுக்' என்று உடைய வேண்டும். தோல் தனியாகக் கழன்று, உள்ளே கொழகொழவென்று இருந்தால் அந்த வருடத்து ஜாடி போச்சு!

அந்த 'நறுக்'குக்கான வேலை பறிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. நம் பஜ்ஜி மிளகாய் மாதிரி நீளமான, காரம் குறைந்த பிஞ்சுகள்தான் நல்லது. பறித்த அன்றே ஊற வேண்டும். காம்பைப் பிடுங்காமல், கொஞ்சம் விட்டு நறுக்குகிறார்கள். காம்பு போனால் அந்த இடத்தில்தான் முதலில் அழுகும். பிறகு ஒவ்வொரு மிளகாயிலும் ஊசியால் குத்துகிறார்கள். குத்தாவிட்டால் உப்புநீர் உள்ளே போகாது, மிளகாய் மிதக்கும், மிதந்தது மெத்தென்று ஆகிவிடும்.

அயோடின் கலக்காத கல் உப்புதான் கரைக்கிறார்கள். அளவு பார்க்கத் தராசு வேண்டாம், பச்சை முட்டை போதும். தண்ணீரில் போட்ட முட்டை மேலே வந்து, ஒரு நாணயம் அளவு வெளியே தெரிந்தால் உப்பு சரி. வேகமாகப் புளிக்க நாலு கொண்டைக்கடலை போடுவது பலர் வீட்டு வழக்கம். சிலர் திராட்சை இலையையும் போடுகிறார்கள். அதிலுள்ள துவர்ப்புச் சத்து, காயை இளக்கும் நொதிகளின் வேகத்தைக் குறைக்கிறது. கடைசியில் மேலே ஒரு பாரம் வைத்து, குளிர்ச்சியான இடத்தில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. அடுப்புக்கு இங்கே வேலையே இல்லை. காயின் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின். சூடு அதைக் கரைத்துவிடும்.

அதே பெக்டினைக் கால்சியம் இறுக்கும். அதனால்தான் ஊறுகாய்த் தொழிற்சாலைகள் கால்சியம் குளோரைடு சேர்க்கின்றன. துருக்கியின் தெற்கே அந்தாக்யாவில் பரங்கிக்காயைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு பாகில் போடுகிறார்கள். நம் ஆக்ரா பேட்டாவுக்கும் அதே வித்தைதான்! ஆனால், மிளகாய் ஊறுகாயில் சுண்ணாம்பு வேண்டாம். சரியாகக் கழுவாவிட்டால் புளிப்பையே முறித்துவிடும்.

புளிப்பு குறைவது ருசிப் பிரச்னை மட்டும் இல்லை. 1977-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பாண்டியாக் நகர உணவகம் ஒன்றில், சரியாகப் பதப்படுத்தாமல் ஜாடியில் அடைத்த ஹலபேனியோ மிளகாயைச் சாப்பிட்ட 50-க்கும் மேற்பட்டோர் பாட்டுலிசம் என்ற நச்சு நோயால் பாதிக்கப்பட்டார்கள். காற்றுப் புகாத ஜாடி, போதாத புளிப்பு. அந்தக் கிருமிக்கு இந்த இரண்டும் போதும். அமிலத்தன்மை பி.ஹெச். 4.6-க்குக் கீழே இருந்தால் அது வளராது. மொறுமொறுப்பு கெடுகிறதே என்று வினிகரைக் குறைப்பவர்கள் கையைக் கட்டிக்கொள்ள வேண்டிய இடம் இதுதான்.

எலுமிச்சையோ வினிகரோ, அளவு சரியாக இருந்தால் மிளகாய் மொறுமொறுவென்றுதான் இருக்கும். இதை யாராவது அந்தத் தம்பதியிடம் சொல்லியிருக்கலாம்!