மோட்டார்ச் சைக்கிள் நீராட்டு

விழா மலர் என்றால் கல்லூரியின் வரலாறு, அதிபர்களின் தொண்டு, விளையாட்டு மைதானத்து வெற்றிகள் ஆகியன இடம்பெறுதல் மரபு. அவற்றை எழுத எம்மினும் வல்லார் பலர் உளர். நாமோ பன்வில வீதிகளில் மோட்டார்ச் சைக்கிளோடு நெடுங்காலம் வாழ்ந்தோம். அறிந்ததை எழுதுவதே முறை எனக் கருதி, அவ்வண்டியைக் கழுவி, துடைத்து, உலர்த்துவது பற்றிச் சில சொல்லத் துணிந்தோம். இதற்கும் ஒரு கட்டுரையா என்று நகைக்கும் இளைஞர், தம் வண்டியின் பெற்றோல் தாங்கியை வெயிலில் நிறுத்தி உற்றுப் பார்த்துவிட்டு வந்து மேலே படிப்பாராக.

வத்துகாமத்தைக் கடந்து பன்விலவுக்கு ஏறி, அங்கிருந்து மடுல்கலை, ஹுலுகங்கைப் பக்கங்களிலுள்ள தோட்டங்களுக்குச் செல்லும் வழிகளைக் கண்டவர்க்கு வண்டி படும் பாட்டை விரித்துரைக்க வேண்டியதில்லை. நக்கிள்ஸ் மலைத்தொடர் இரு பருவக்காற்றுகளின் மழையையும் பெறுவது. தார் முடிந்த இடத்திற் சேறு. சேறு காய்ந்த இடத்திற் புழுதி. பின்னிருக்கையில் உர மூடை ஒன்று ஏறிவிட்டால் அதன் பொடியும் வந்து சேரும். உரத்திலுள்ள உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொண்டு இரும்பை மெல்ல மெல்ல அரிக்கும்.

முன்னெல்லாம் வண்டி கெட்டால் வேறொன்று வாங்கலாம் என்ற எண்ணமேனும் இருந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் அவ்வெண்ணத்துக்கும் இடமில்லாது போயிற்று. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022இல் எரிபொருட் பங்கீடு வந்து, மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று தொடங்கிற்று. அந்நாட்களில் வண்டிகள் ஓடிய நேரத்தினும் நின்ற நேரமே மிகுதி. ஈரத்தோடு நிற்கும் வண்டியைத் துரு விரைவிற் பற்றும். மலைப் பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியர்க்கும், கடிதம் கொண்டு திரியும் தபாற்காரர்க்கும், சந்தைக்கு மரக்கறி ஏற்றுவோர்க்கும் அவ்வண்டி போனாற் பிழைப்பும் போயிற்று. கழுவுதலை வெறும் அலங்காரம் என்று கருதியிருந்த எம் நண்பர் பலர் அப்பொழுதுதான் வாளியைக் கையில் எடுத்தனர்.

வண்டியிற் புள்ளி விழுவதற்குக் காரணம் நீர் என்பது பலர்க்கு வியப்பாயிருக்கும். துளி ஆவியாகிப் போகையில் தன்னுள் கரைந்திருந்தவற்றை அவ்விடத்திலேயே வைத்துவிட்டுப் போகின்றது. கல்சியமும் மகனீசியமும் மிக்க வன்னீராயின் வெண்ணிற வளையம் எஞ்சும். மென்னீராயின் எச்சம் சிறிது. எம் வகுப்புத் தோழர் ஒருவர் யாழ்ப்பாணத்திற் சில ஆண்டுகள் பணியாற்றி மீண்டபோது, அவருடைய கறுப்பு ஹொண்டாவின் தாங்கி அம்மை வடு விழுந்த முகம் போலிருந்தது. சாயம் மட்டமானதென்று அவர் வாதிட்டார். குற்றம் சாயத்தினதன்று. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மீது அமைந்தது. அங்குள்ள கிணற்று நீர் அக்கல்லினூடே ஊறி வருவது. எம் மலையின் பாறைகளோ பெரும்பாலும் எளிதிற் கரையாத பளிங்குருப் பாறைகள். அவற்றினின்று வழியும் பீலி நீர் மென்மையானது. ஆயினும் கண்டி மாவட்டம் முழுதும் அவ்வாறன்று. திகனப் பக்கத்தில் தொலமைற்றும் சுண்ணாம்பும் அகழ்ந்தெடுக்கப்படுகின்றன. அத்தகைய நிலத்துக் கிணற்று நீராற் கழுவுவோர் யாழ்ப்பாணத்தாரைப் போலவே விழிப்பாயிருத்தல் வேண்டும். ஓட்டிலிருந்து வழியும் மழைநீரை, முதல் மழையின் அழுக்கு போனபின், ஒரு வாளியிற் பிடித்து வைத்து இறுதி அலசலுக்கு மட்டும் பயன்படுத்துவது நன்று.

கழுவும் முறையைச் சுருங்கச் சொல்வோம். இயந்திரம் முற்றாக ஆறியிருத்தல் வேண்டும். சூடான சைலன்சரில் விழும் துளி அந்தக் கணமே உலர்ந்து கறையாகும். நிழலில் நிறுத்தி, முதலில் நீரை மட்டும் ஊற்றிச் சேற்றை ஊறவைத்து இறக்குக. எம் மண்ணிலுள்ள படிகக்கல் மணல் சாயத்தினும் கடினமானது. அதனைத் துணியோடு சேர்த்துத் தேய்ப்பது அரத்தாற் தேய்ப்பதற்கு ஒப்பு. தேங்காய்ப் பொச்சைத் தாங்கியின் அருகே கொண்டு செல்லவே வேண்டா. வாகனச் சவர்க்காரக் கரைசல் ஒரு வாளியிலும் துணியை அலசும் நீர் மற்றொரு வாளியிலுமாக, மேலிருந்து கீழே வருக. மண்ணெண்ணெயால் உடல் முழுதையும் துடைத்துப் பளபளப்பாக்குவோர் உளர். அப்பளபளப்பு அடுத்த புழுதி வரைக்கே. றப்பருக்கோ அது பகை.

உலர்த்தலே இதில் உயிர்நிலை என்போம். இறுதி அலசலின்போது விசையாக நீரை வீசாது, குழாயின் வாயை அகலவிட்டு மெதுவாக வழியவிட்டால், நீர் துளித்துளியாய்ச் சிதறாமல் ஒரே படலமாய் இறங்கிவிடும். துடைப்பதற்கு மீதி சிறிதே. பின்பு மென்மையான துவாயைத் தாங்கியின் மீது விரித்து, அழுத்தாமல் மெல்ல இழுக்க வேண்டும். முதற்துணி நீரை உறிஞ்ச, இரண்டாந்துணி உலர்ந்ததாய் முடிக்க. பன்விலவின் மூடுபனிக் காலையில் காற்றே உலர்த்தட்டும் என்று காத்திருப்பவர் நண்பகல் வரை காத்திருப்பார். கண்ணாடிக் கம்பி, சீற்றின் அடி, தகட்டு மூட்டு ஆகியவற்றில் ஒளிந்திருந்த நீர் பிறகு கசிந்து, துடைத்த இடத்திலேயே கோடு வரையும். ஆகவே வண்டியைச் சற்றே அசைத்துவிட்டு மீண்டும் ஒரு முறை துடைத்தல் நலம். மெழுகு பூசியவர் தமக்கு இக்கவலை இல்லையென்று மகிழ வேண்டா. மெழுகின் மேல் நீர் முத்து முத்தாய்த் திரளும். திரண்டது அங்கேயே காய்ந்தால் முத்துக்கு ஒரு புள்ளி நிச்சயம். முன்பே படிந்த வெண்புள்ளியைக் குரோமிய முலாத்திலிருந்து நீக்க, நீர் கலந்த வினாகிரியைத் துணியில் தொட்டுத் துடைத்து உடனே அலசிவிடலாம்.

இனி அழகைவிடப் பெரியதொன்று. நனைந்த பிரேக் உடனே பிடியாது. சமவெளியில் இது சிறு தொல்லை. பன்விலவிலிருந்து வத்துகாமத்துக்கு இறங்குபவர்க்கோ உயிர் பற்றிய செய்தி. கழுவியபின் தட்டையான இடத்தில் மெதுவாக ஓட்டி, பிரேக்கை இலேசாகப் பலமுறை பிடித்து விட்டு, அது பிடிக்கின்றதென்று அறிந்த பின்னரே இறக்கத்தில் இறங்குதல் வேண்டும். மெழுகோ எண்ணெயோ பிரேக் தட்டிலும் சில்லுகளிலும் படவே கூடாது. செயினை ஈரம் போகத் துடைத்து, பின்பே எண்ணெயிடுக.

சில இடங்களில் ஆசிரியரின் வண்டியை மாணவர் கழுவும் வழக்கம் உண்டு என்று கேள்வியுறுகின்றோம். அது எமக்கு உடன்பாடன்று. கழுவ நேரமில்லாத ஆசிரியர் சேற்றோடு வருவதே மேல்.

எங்கே கழுவுவது என்பதையும் இளைஞர் எண்ணிப் பார்க்க வேண்டும். பீலியடியில் வண்டியை நிறுத்தினால் வேலை எளிது, நீருக்கும் குறைவில்லை. ஆயின் அப்பீலியின் நீர் கீழே ஓடி அடுத்த லயத்துப் பெண்கள் குடம் வைக்கும் இடத்துக்குப் போகின்றது. செயினிலிருந்து இறங்கிய கரிய எண்ணெய் அவர்கள் குடத்தின் மேல் நிறமாலையாய் மிதக்கும். ஆகையால் நாம் இரு வாளி நீரை முகந்து மேட்டுக்குச் சுமந்து, ஓடையைவிட்டுத் தள்ளி, புல் அடர்ந்த இடத்தில் வைத்தே கழுவி வருகின்றோம். ஒரு வண்டிக்கு நான்கு நடை ஆகும். ஐந்தாம் நடை மழைநீர் வாளிக்கு.