வதிவிடச் சான்று

என் பிள்ளை படிக்கிற பாடசாலையின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைப்படிதான் நடந்தார்கள். பொய் சொன்னது நான். அதுவும் வாயால் மட்டுமல்ல, கோப்பு நிறையக் கடதாசியாலும்.

மன்னாரிலிருந்து மட்டக்களப்புக்கு வேலை மாறி வந்தோம். மனைவிக்குப் பிறந்த ஊர், எனக்குப் புது ஊர். அடுத்த வருடம் மூத்த பிள்ளைக்குத் தரம் ஒன்று. வாடகை வீடு கல்லடியில் கிடைத்தது. நடந்து போகிற தூரத்திலேயே பாடசாலைகள் இருந்தன. ஒன்றின் படலைக்குள்கூட நான் கால் வைக்கவில்லை. "கத்தோலிக்கப் பள்ளிக்கூடம்தான் வேணும்" என்று வந்த நாளிலிருந்து எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்கள் பக்தியான மனிசன் என்று நினைத்திருப்பார்கள். மன்னாரில் என்னை அறிந்தவர்கள் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். அங்கே நத்தாருக்கும் பெரிய வெள்ளிக்கும்தான் என் தலை கோயிலில் தெரியும். மடுத் திருவிழாவுக்குத் தவறாமல் போவேன். கூட்டாளிகளோடு கூடாரம் அடித்துச் சமைத்துச் சாப்பிடுகிற சந்தோஷத்துக்கு.

உள்ளபடி சொன்னால், எனக்கு வேண்டியிருந்தது பாடசாலையின் பெயர். கல்லடியிலிருந்து வாவிக்கு அப்பால் இருக்கும் புளியந்தீவுப் பாடசாலைகளுக்கு அப்படியொரு பெயர் உண்டு. புனித மிக்கேல் கல்லூரி 1873இல் தொடங்கியது. இயேசு சபைக் குருமார், பிற்காலத்தில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்திலிருந்து வந்தவர்கள், அதை வளர்த்தார்கள். மாமனார் கதை தொடங்கினால் ஹேபர்ட் அடிகளாரில்தான் வந்து நிற்பார். பெடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கிய அந்தக் குருவானவர், 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். இன்றுவரை தடயமில்லை. போர்க்காலத்தில் பிள்ளைகளைத் தேடி அலைந்த பெற்றோருக்குத் துணை நின்ற மில்லர் அடிகளாரையும் மாமனார் விடமாட்டார். நான் கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருப்பேன். மறுநாள் அலுவலகத்தில் "பிள்ளை எந்த ஸ்கூல்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதில்தான் மனம் நிற்கும். அந்தக் குருமாரின் தியாகத்துக்கும் என் ஆசைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இதையும் சொல்லவேண்டும். சுவாமி விபுலாநந்தர் மெதடிஸ்த பாடசாலையிலும் படித்தார், புனித மிக்கேலிலும் படித்தார். பிறகு அவர் வாவிப் பாலம் கடந்து வந்து பாடசாலை கட்டியது கல்லடி உப்போடையில், 1929இல். நான் வாடகைக்கு இருந்த அதே கல்லடிதான். நானோ அவர் வந்த வழியில் திரும்பி ஓடிக்கொண்டிருந்தேன்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். இலங்கையில் கத்தோலிக்கப் பாடசாலை என்று நாம் சொல்பவற்றில் பெரும்பாலானவை அரசாங்கப் பாடசாலைகள். 1960இலும் 1961இலும் வந்த சட்டங்களால் உதவி பெற்ற மிஷன் பாடசாலைகளை அரசு எடுத்துக்கொண்டது. கட்டணம் கிடையாது, அனுமதியை அமைச்சின் சுற்றறிக்கை தீர்மானிக்கும். நாங்கள் விண்ணப்பித்த காலத்தில் அருகில் வசிப்போருக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே படிப்போரின் சகோதரர்களுக்கு 15. மிச்சத்தில் இடமாற்றம் பெற்ற அரச ஊழியருக்கு 4 வீதம். அரசு எடுத்த காலத்தில் எந்தச் சமயப் பிள்ளைகள் எந்த விகிதத்தில் இருந்தார்கள் என்பதையும் பார்ப்பார்கள். ஆக, பெட்டியின் அடியில் கிடந்த ஞானஸ்நானச் சான்றிதழுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. ஞாயிறு பூசையில் முன்வாங்கில் போய் இருக்கத் தொடங்கினேன். பங்குத்தந்தை கண்டால் போதும்.

ஆனால் நான் தனியார் கம்பனி ஆள். 4 வீதம் எனக்கில்லை. பழைய மாணவனும் இல்லை. மிஞ்சியது அந்த 50. அதற்கு வாக்காளர் இடாப்பில் பல வருடப் பதிவு, வீட்டு உறுதி அல்லது ஒப்பந்தம், மின்கட்டணப் பட்டியல் என்று எல்லாம் புள்ளியாகும். வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலான தூரத்தை நேர்கோட்டில் அளப்பார்கள். அதைவிடக் கிட்டவாக வேறு பாடசாலை இருந்தால் புள்ளி கழியும். கல்லடியிலிருந்து வாவிக்கு மேலால் எப்படிக் கோடு கீறினாலும் எனக்கு இடம் வராது.

மனைவியின் பெரியம்மா புளியந்தீவில் இருந்தா. கலியாணத்துக்குப் பிறகும் மனைவியின் பெயர் அந்த வீட்டு இடாப்பில் வெட்டப்படாமல் கிடந்தது. அது தற்செயல். மற்றதெல்லாம் என் கைவேலை. பழைய திகதியில் வாடகை ஒப்பந்தம் எழுதினோம். கையெழுத்து வைத்தவரைப் பற்றி இங்கே வேண்டாம். நேர்முகப் பரீட்சை முடிந்ததும், வீடு பார்க்க எந்த நேரமும் வருவார்கள் என்று பிள்ளையின் பாயையும் தலையணையையும் சப்பாத்தையும் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். பின்னேரங்களில் பிள்ளையையும் அங்கேதான் வைத்திருந்தோம். "மனே, ஆரும் வந்து கேட்டா இதுதான் எங்கட வீடு எண்டு சொல்லோணும், என்ன?" என்று பெரியம்மா பழக்கினா. பாவம், அவவும் எங்களுக்காகத்தான்.

வந்தார்கள். வந்தவர்களில் ஒரு டீச்சர் குனிந்து, "மகன், நீங்க எங்க படுக்கிற?" என்று அன்பாகக் கேட்டா. பிள்ளை அலுமாரிப் பக்கம் சுருட்டி வைத்திருந்த பாயைக் காட்டி, "இஞ்ச" என்றது. கொஞ்சமும் தடுமாறவில்லை. எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமை. கெட்டிக்காரப் பிள்ளை என்று அன்றிரவு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன்.

தற்காலிகப் பட்டியல் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டபோது எங்கள் பெயர் இருந்தது. பக்கத்திலேயே காத்திருப்போர் பட்டியல். அதில் முதலாவது பெயரை வாசிக்காமல் வந்திருக்கலாம். வாசித்தேன். மேன்முறையீடு செய்தார்களா, கடைசியில் அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்ததா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடும் என்பதால்தான் விசாரிக்கவில்லை.

தரம் ஒன்றில் சுற்றாடல் பாடத்துக்கு "எனது வீடு" படம் கீறிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். பிள்ளை கொப்பியையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா இருந்தது. பிறகு தாயிடம் கேட்டது: "அம்மா, எந்த வீட்டக் கீறுற?" மனைவி என்னைப் பார்த்தா. "பெரியம்மாட வீட்டக் கீறு" என்றேன். கூடப் படிக்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வரக் கேட்டால் என்ன சொல்வதென்பதையும் சொல்லிக் கொடுத்தோம். எங்கள் வீட்டில் பிறந்தநாள் கொண்டாட்டம் கிடையாது; வகுப்பில் டொபி கொடுப்பதோடு சரி.

இவ்வளவும் பழைய கதை. என்னை இதை எழுத வைத்தது பிறகு நடந்தது. முதல்நன்மைக்கு ஆயத்தம் நடக்கிறது. முதல் பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொல்வது என்று மறைக்கல்வி வகுப்பில் பழக்குகிறார்கள். ஒரு ராத்திரி சாப்பாட்டு மேசையில் பிள்ளை கேட்டது: "அப்பா, வீட்டு விஷயத்தையும் ஃபாதரிட்ட சொல்லோணுமா?"

அது அப்பாவின் பாவம், நீ சுமக்கத் தேவையில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த வசனம் வாய்வரை வந்தது. பிள்ளை ஃபாதரிடம் சொன்னாலும் ஃபாதர் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கமாட்டார், பாவசங்கீர்த்தன இரகசியம் வெளியே போகாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன்: "அது பாவமில்ல, மனே. எல்லாரும் செய்யிறதுதான்." பிள்ளை தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தது. முன்பு சொன்ன பொய்களெல்லாம் அதிகாரிகளுக்குச் சொன்னவை. இது நல்லது கெட்டது கேட்டு வந்த என் பிள்ளைக்குச் சொன்னது.

நானும் இதை எந்தக் குருவானவரிடமும் சொன்னதில்லை. கோபம், குடி என்று சின்னச் சின்னதாகச் சொல்லிவிட்டு எழும்பி வந்துவிடுவேன். இதைச் சொன்னால், எடுத்ததைத் திருப்பிக் கொடு என்பார். தரம் ஒன்றில் ஓர் இடத்தை இனி யாரிடம், எப்படித் திருப்பிக் கொடுப்பது? இப்படிக் கேட்டுக்கொள்வதும் எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது.

இப்போது சின்னவரின் முறை. சகோதரர் ஒதுக்கீடு இருப்பதால் இம்முறை சிரமம் குறைவு என்கிறார்கள். ஆனால் அதற்கும் வதிவிடச் சான்று வேண்டும், அதே முகவரிதான் கொடுத்தாக வேண்டும். கல்லடி முகவரியை எழுதினால் மூத்ததின் கோப்பையும் யாராவது திறந்து பார்க்கக்கூடும். மனைவி விண்ணப்பப் படிவத்தை எடுத்து வைத்திருக்கிறா. பெரியம்மா மின்கட்டணப் பட்டியல்களைச் சேர்த்து ஒரு பையில் போட்டு அனுப்பியிருக்கிறா. நான் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை.