டாட்டாநகரில் மூன்று நாட்கள்

கரக்பூரில் வாழும் நம்மவர்க்கு டாட்டாநகர் தூரத்து ஊரன்று. இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய 134 கிலோமீட்டர். விரைவு வண்டியில் இரண்டு மணி நேரத்துச் சொச்சம். எனினும் திருமணத்திற்கோ, வண்டி மாறுவதற்கோ அன்றி, அவ்வூரில் இறங்கி நின்று பார்த்தவர் நம்மில் மிகச் சிலரே. எமக்கும் இத்தனை ஆண்டு ரயில்வே உத்தியோகத்தில் அவ்வூரின் பெயரைக் காகிதத்தில் எழுதிய பழக்கமே மிகுதி. சென்ற பங்குனியில் மூன்று நாள் விடுப்பு வாய்த்தது. அச்சமயம் எமது மனைவியின் தம்பி தொழில் நிமித்தம் அவ்வூருக்குச் செல்வதாக அறிந்து, அவருடன் புறப்பட்டோம்.

மைத்துனர் கொல்கத்தாவில் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி. அவர் விற்பது பட்டும் அன்று, பருத்திச் சேலையும் அன்று. தொழிற்சாலைகளில் வேலை செய்வோர் உடம்பைக் காக்கும் உடுப்புகளே அவருடைய சரக்கு. தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, தோல் மேலங்கி, இரும்பு முனை பூட்ஸ், உயரத்தில் ஏறுவோர் இடுப்பிலும் தோளிலும் மாட்டும் வார் என அந்தப் பட்டியல் நீளும். நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று இத்தகைய விற்பனை உத்தியோகங்களில் சேர்கின்றனர். வேறு பலர் அந்த உடுப்புகளை அணிய வேண்டிய வேலைகளில் சேர்கின்றனர். ஆகவே கண்டதை எழுதுவது இரு சாராருக்கும் பயன்படும் என்று கருதினோம்.

கரக்பூர் நடைமேடையின் பெருமையை நேயர்கள் அறிவர். 1072 மீட்டர் நீளமுள்ள அது ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது எனப் பெயர் பெற்றிருந்தது. அப்பெயர் பின்னர்க் கோரக்பூருக்கும், 2023இல் 1507 மீட்டருடன் ஹூப்ளிக்கும் போய்விட்டது. ஆனால் மூன்று கனத்த பைகளுடன் அதன் கடைசிவரை நடந்தவர்க்கு நம்முடையதே நீளமானது என்று தோன்றும். மைத்துனரின் பைகளில் ஒன்றை நாம் தூக்கினோம். அதில் இருந்தவை பூட்ஸ் மாதிரிகள். விற்பனைப் பிரதிநிதி என்றால் நாவன்மை ஒன்றே போதும் என்பார்க்கு அந்தப் பை ஒன்றே தக்க மறுமொழி.

ஜார்கிராம் தாண்டியதும் சால மரக் காடுகள் தொடங்குகின்றன. பங்குனி மாதமாதலால் சாலம் பூத்திருந்தது. இடையிடையே புரச மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துச் செந்நிறப் பூக்களை மட்டும் தாங்கி நின்றன. சாகுலியாவுக்கு முன்பே வங்க எல்லை முடிந்து, 2000ஆம் ஆண்டில் பிறந்த ஜார்க்கண்ட் மாநிலம் வந்துவிடுகிறது. தாமிரத்தால் பெயர் பெற்ற காட்சிலாவும் வழியில்தான் உள்ளது. ‘பதேர் பாஞ்சாலி’ எழுதிய விபூதிபூஷண் பந்தோபாத்தியாயர் 1950இல் மறைந்தது அவ்வூரிலேயே. குன்றுகளும் சுவர்ணரேகை ஆறும் கண்டவர்க்கு, அப்பெரியார் ஏன் அங்கே வந்து தங்கினார் என்று கேட்கத் தோன்றாது.

வண்டியில் எதிரே அமர்ந்திருந்த முதியவர் பூட்ஸின் எடையைக் கண்டு வியந்து, “இதை அணிந்து எப்படி நடப்பது?” என வினவினார். மைத்துனர் அதன் முனையைத் தட்டிக் காட்டினார். உள்ளே எஃகுக் கவசம் இருக்கிறது. 200 ஜூல் மோதலை அது தாங்க வேண்டும் என்பது விதி. அதாவது, சுமார் 20 கிலோ எடையுள்ள இரும்பு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் விரல்கள் நசுங்கலாகாது. முதியவர் சற்று யோசித்து, “அப்படியானால் கனம் குறைவுதான்” என்றார்.

டாட்டாநகர் நிலையத்தின் பழைய பெயர் காளிமாட்டி. ஊரின் பழைய பெயர் சாக்சி. 1907இல் தொடங்கப்பெற்ற டாட்டா உருக்காலையில் 1912இல் முதல் எஃகு வார்க்கப்பட்டது. முதல் உலகப் போரில் அவ்வாலையின் தண்டவாளங்கள் பயன்பட்டமையால், 1919இல் வைசிராய் செம்ஸ்போர்டு பிரபு நேரில் வந்து ஊருக்கு ஜாம்ஷெட்பூர் என்றும் நிலையத்திற்கு டாட்டாநகர் என்றும் பெயர் மாற்றினார். ரயிலும் இவ்வூரும் இவ்வாறு பழைய உறவினர்.

பிஷ்டுப்பூரின் அகன்ற சாலைகளும், 1958இல் நேரு திறந்து வைத்த ஜூபிலி பூங்காவும் கண்ணுக்கு இனியவை. ஆனால் மைத்துனரின் சந்தை அங்கே இல்லை. கர்க்காய் ஆற்றைக் கடந்தால் ஆதித்யபூர் வரும். அங்கே நெருங்கி நிற்கும் சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்களே அவருடைய களம். வாகன உறுப்புகளை வார்ப்பதும், அடிப்பதும், கடைவதும் அங்கே பெருந்தொழில். பெரிய ஆலைகள் டெண்டர் விட்டு, மாதிரிகளைச் சோதித்து வாங்குகின்றன. சிறு கூடங்களிலோ ஒரு மேஜை, ஒரு நாற்காலி, அதன்மேல் ஒரு கொள்முதல் அதிகாரி. அவர் கேட்கும் முதற் கேள்வி விலை.

இவ்விடத்தில்தான் இத்தொழிலின் விசித்திரம் எமக்கு விளங்கியது. துணிக்கடையில் வாங்குபவரே உடுத்துகிறார், பொருந்தாவிடில் மறுக்கிறார். இங்கே வாங்குபவர் அணிவதில்லை, அணிபவர் வாங்குவதில்லை. எழுத்தர்களாகிய நாமும் காகிதத்தில் ‘கையுறை 100 ஜோடி’ என்றே காண்கிறோம். கையைக் காண்பதில்லை.

இரண்டாம் நாள் நாங்கள் சென்ற கூடத்தில் ஒரு பக்கம் வார்ப்படச் சாலை, மறுபக்கம் கடைசல் இயந்திரங்கள். அதிகாரி மரியாதையுள்ளவர். தேநீர் வரவழைத்து, “எல்லோருக்கும் ஒரே மாதிரி, நூறு ஜோடி கையுறை; இன்றே எழுதிக்கொள்ளும்” என்றார். அது மார்ச்சு மாதக் கடைசி வாரம். ஆண்டுக் கணக்கு முடிவதற்குள் எட்ட வேண்டிய விற்பனை இலக்கிற்கு அந்த நூறு ஜோடி போதுமானது என்பதை மைத்துனர் முதல்நாள் இரவே சொல்லியிருந்தார். எட்டினால் ஊக்கத்தொகை உண்டு. மகளின் பள்ளிக் கட்டணத்திற்கு அதையே நம்பியிருந்தார். ஆயினும் அவர் பேனாவை எடுக்கவில்லை. “ஐயா, வேலை நடக்கும் இடத்தை ஒருமுறை பார்க்கலாமா?” என்றார்.

வார்ப்படச் சாலையில் 1300 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருகிய இரும்பை அகப்பையில் ஏந்தி அச்சுகளில் ஊற்றிக்கொண்டிருந்தனர். ஒருவர் கைகளில் கோணித்துணி சுற்றியிருந்தது. கையுறை இல்லையா என மைத்துனர் இந்தியில் கேட்க, “தஸ்தானா இருக்கிறது, பெரிய சாகேப் வரும் நாளுக்கு உரியது” என்றார் அவர், சிரிக்காமலே. உண்மையில் சென்ற ஆண்டு கொடுத்த கையுறைகள் அலமாரியில் அடுக்கியபடியே இருந்தன. தோல் விறைத்து, விரல்கள் அகன்று, அவற்றை அணிந்து இடுக்கியைப் பிடிக்க முடியவில்லையாம். சாமான் கட்டும் பகுதியில் வேலை செய்த பெண்களுக்கும் அதே அளவுதான் தரப்பட்டிருந்தது.

மைத்துனர் சட்டைப்பையிலிருந்து தையற்காரர் நாடாவை எடுத்தார். கட்டைவிரலை விட்டு உள்ளங்கையைச் சுற்றி அளந்தால் வரும் அங்குலமே கையுறையின் எண். ஆண்களில் பலர் 9, 10. பெண்களில் பலர் 7. ஊற்றுபவர் ஒருவர் பளபளக்கும் செயற்கை இழைச் சட்டை அணிந்திருந்தார். பருத்தி பொறி பட்டால் கருகும், செயற்கை இழையோ உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்று மைத்துனர் அவருக்கு எடுத்துரைத்தார். உலை அருகே நிற்பவர் காற்சட்டையை பூட்ஸுக்குள் சொருகலாகாது, வெளியே விட வேண்டும். இல்லையேல் சிந்திய இரும்பு நேரே உள்ளே இறங்கும் என்றும் சொன்னார். இவற்றுள் எதற்கும் அவர் விலை கேட்கவில்லை.

பின்னர்க் கடைசல் பகுதிக்கு வந்தோம். துளையிடும் இயந்திரங்களும் கடைசல் இயந்திரங்களும் சுழன்றுகொண்டிருந்தன. அங்கே நின்று மைத்துனர் கூறியது எமக்கே வியப்பாயிருந்தது. “இவர்களுக்குக் கையுறை கொடுக்கக்கூடாது, ஐயா. சுழலும் முனையில் கையுறை சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். இவர்களுக்கு வேண்டியது கண்ணாடி.” கணக்கிட்டார்: வார்ப்படத்திற்கு மணிக்கட்டை மூடும் வெப்பம் தாங்கும் வகை 24 ஜோடி; சாமான் கட்டுவோர்க்குப் பின்னல் வகை 28 ஜோடி; இரண்டும் அளவு பார்த்து. மீதி 48 வேண்டாம்.

அதிகாரியின் முகம் சுருங்கியது. “சோதனைக்கு வருபவர் எல்லோர் கையிலும் கையுறை கேட்பார். வேறு வியாபாரி நூறும் தருவார், விலையும் குறைவு” என்றார். அத்துடன் மேஜையடியிலிருந்து ஒரு தலைக்கவசத்தை எடுத்து, அந்த வியாபாரியின் மலிவுக்குச் சான்றாக வைத்தார். மைத்துனர் அதைத் திருப்பிப் பார்த்தார். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது. ஆனால் முத்திரைக்கு மேலே இருக்கவேண்டிய தர எண்ணும் இல்லை, கீழே இருக்கவேண்டிய உரிம எண்ணும் இல்லை. தொழிற்சாலைத் தலைக்கவசத்திற்குரிய தர எண் ஐ.எஸ். 2925. உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் எவரும் சரிபார்க்கலாம். இதைக் கூறிவிட்டு, இரண்டு ஜோடிக் கையுறைகளை ஊற்றுபவர் இருவருக்கு ஒரு வாரச் சோதனைக்கென இலவசமாக வைத்துவிட்டு, வெறுங்கையுடன் வெளியே வந்தார்.

கர்க்காய்ப் பாலத்தின் மேல் வரும்போது, “மச்சான், நூறு என்று அவரே சொன்னாரே, எழுதியிருக்கலாமே?” என்றோம்.

“மாமா, ஊரில் நம் தெருவில் தோல் பதனிடும் வாசனையிலேயே வளர்ந்தவன் நான். தோலை விரலால் தேய்த்தாலே அதன் தரம் தெரியும். அந்த 48 ஜோடியும் நல்ல தோல்தான். ஆனால் நல்ல தோலே ஒருவன் கையைப் பறித்தால் அதை விற்றவன் யார்?” என்றார். அதற்குமேல் நாம் பேசவில்லை.

அவர் ஊர் வாணியம்பாடி. அங்கும் ஆம்பூரிலும் பதனிடும் தோல் தேசமெங்கும் காலணியாகிறது. கையுறைக்கோ கொல்கத்தா பெயர் பெற்றது. 1996இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின்பின், நகரின் தோல் பட்டறைகள் பான்தலா தோல் வளாகத்திற்குப் பெயர்ந்தன. தெற்கே பிறந்த பிள்ளை கிழக்கே இத்தொழிலில் அமர்ந்ததற்கும் இவ்வாறு ஒரு தொடர்பு உண்டு.

அன்றிரவு கத்மாவில் ஒரு தமிழ் அன்பர் இல்லத்தில் விருந்துண்டோம். மிளகு ரசமும் அப்பளமும் கண்டபோது ஊர் நினைவு வந்தது. பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்ற அப்பெரியவர், பழைய நாட்களில் உலைவேலைக்கு ஆஸ்பெஸ்டாஸ் இழையாலேயே கையுறை நெய்தார்கள் என்றார். நெருப்பை அது வென்றது. ஆனால் அதன் நுண்ணிழை நுரையீரலில் புகுந்து ஆளைக் கொன்றது. சாய்பாசாவுக்கு அருகே ரோரோ மலையில் அதை வெட்டிய சுரங்கம் 1983இல் கைவிடப்பட்டது. கழிவோ மலைச்சரிவில் விடப்பட்டது. காப்பதற்கென்று கொடுத்த பொருளே கேடாகலாம் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

மூன்றாம் நாள் காலை தோமுஹானி சென்றோம். கர்க்காய் அங்கே சுவர்ணரேகையுடன் கலக்கிறது. ஒரு கரையில் நீராடுவோர். தொலைவில் ஆலைப் புகைபோக்கிகள். அதே நீரையும் அதே இரும்பையும் நம்பி எத்தனை மொழியினர் இங்கே வாழ்கின்றனர் என்று எண்ணியபடி வண்டிக்குத் திரும்பினோம்.

முடிவையும் சொல்லிவிட வேண்டும். மார்ச்சு முடிந்தது, ஆதித்யபூர் ஆர்டர் வரவில்லை, ஊக்கத்தொகையும் இல்லை. பள்ளிக் கட்டணத்தை இரு தவணையாகக் கட்டினர். சித்திரை இரண்டாம் வாரம் அந்த அதிகாரி தாமே தொலைபேசியில் அழைத்து, 52 ஜோடி கையுறையும், கடைசல் பகுதிக்குக் கண்ணாடிகளும் கேட்டார். சோதனைக்குக் கொடுத்த கையுறைகளை அந்த இருவரும் திருப்பித் தர மறுத்துவிட்டார்களாம். தலைக்கவசம் பற்றி அவர் பேசவில்லை.

வேலைக்கு வேண்டிய காப்பு உடுப்பைக் கொடுப்பது முதலாளியின் கடமை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 35ஆம் பிரிவில் கண் காப்பைத் தனியே எடுத்துக் கூறிற்று. 2020இல் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் தொழிலாளர் பாதுகாப்பை முதலாளியின் பொறுப்பாகவே வைக்கிறது. எனவே நம் வீட்டுப் பிள்ளை ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குச் சேரும்போது, “சம்பளம் எவ்வளவு?” என்று கேட்கும் தாய்மார்கள், “காலுக்கு என்ன கொடுத்தார்கள்? உன் அளவுதானா? முத்திரைக்குக் கீழே எண் இருக்கிறதா?” என்றும் கேட்பார்களாக. விற்பனைத் தொழிலில் சேரும் இளைஞர்களோ, விலைப்பட்டியலுடன் ஓர் அளவு நாடாவையும் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்களாக.