கட்டிலும் சோபாவும் கண்ணில் படாமல்

லா சியெனகா சாலையில் காரில் போகிறவர்கள் இந்தக் கட்டடத்தைப் பழைய ஸ்பானியத் தேவாலயம் என்று நினைத்தால் அவர்கள்மேல் தப்பில்லை. கோபுரமும் வளைவுகளும் அப்படித்தான் சொல்கின்றன. உண்மையில் இது பெவர்லி ஹில்ஸ் நகரத்துக்குக் குடிநீரைச் சுத்திகரித்துக் கொடுத்த கட்டடம். சினிமா ஊரில் தண்ணீர் நிலையத்துக்கும் வேஷம் உண்டு. 1991 முதல் இங்கே இருப்பது மார்கரெட் ஹெரிக் நூலகம். ஆஸ்கார் விருது தரும் அகாடமியின் நூலகம். அங்கே நூலகராக இருந்து, பிறகு அகாடமியையே நிர்வகித்த பெண்மணியின் பெயரைத் தாங்கியது.

கட்டணம் இல்லை. நீங்கள் பேராசிரியரா, சும்மா சினிமாப் பைத்தியமா என்று யாரும் விசாரிப்பதில்லை. படம் ஒட்டிய அடையாள அட்டை போதும். ஆனால் பையை லாக்கரில் வைத்துப் பூட்டியாக வேண்டும். பேனா உள்ளே வரக்கூடாது; பென்சில்தான். ஒரு துண்டுக் காகிதம்கூட இரவல் போகாது.

ஒரு கோடிக்கு மேல் புகைப்படங்கள், 80,000-க்கு மேல் திரைக்கதைகள், ஹிட்ச்காக்கின் சொந்தக் கோப்புகள். ஆனாலும் வாசிப்பறையில் நட்சத்திர வாடையே அடிக்கவில்லை. முழங்கையில் நூல் பிரிந்த ஸ்வெட்டர்க்காரர் ஒருவர் ஏதோ படத்தின் ஸ்டில்களை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார். நடிகையின் முகத்தில் அவர் கண் நிற்கவில்லை. சட்டைக் காலரில் நிற்கிறது, காலணியில் நிற்கிறது. உடை வடிவமைப்பாளராக இருக்கலாம். ஜன்னலோரத்தில் ஒரு மூதாட்டி, யாரோ ஒரு நடிகரின் பத்திரிகை நறுக்குகளைப் படிப்பதும் நிமிர்ந்து சுவரைப் பார்ப்பதுமாக இருக்கிறார். குறிப்பு எதுவும் எடுக்கவில்லை.

என் முன்னால் ‘காஸபிளாங்கா’ கோப்பு. படத்தைப் பற்றியது என்பதைவிட, படத்தோடு நடந்த பேரத்தைப் பற்றியது என்றால் சரியாக இருக்கும். ஹாலிவுட் தனக்குத் தானே போட்டுக்கொண்ட ஒழுக்க விதிகளை 1934 முதல் கண்டிப்போடு அமல்படுத்திய அலுவலகத்தின் கோப்பு இது. தலைவர் ஜோசப் பிரீன். படப்பிடிப்புக்கு முன்பே திரைக்கதை அவர் மேசைக்குப் போக வேண்டும். ‘இத்தனையாம் பக்கம், இந்த வரி ஆகாது’ என்று கடிதம் வரும். காவல் அதிகாரி ரெனோ, விசாவுக்குப் பெண்களிடம் விலையாகக் கேட்பது என்ன என்பது அவ்வளவு வெளிச்சமாகத் தெரியக்கூடாது. நாயகன் ரிக்கின் அறைக்கு நாயகி இல்சா வரும் காட்சிக்கு 1942 ஜூனில் இன்னும் நுணுக்கமான ஒரு யோசனை: ஃபேட்-அவுட் வேண்டாம், டிஸ்ஸால்வ் வையுங்கள், அடுத்த காட்சியில் கட்டிலோ சோபாவோ கண்ணில் படக்கூடாது.

திரை இருண்டால் பார்வையாளர் எதையாவது நினைத்துக்கொள்வார் என்ற பயம். ஒரு காட்சி இன்னொன்றில் கரைந்துவிட்டால் நினைக்க நேரமிருக்காது என்று கணக்கு. படத்தில் அணைப்பு கரைந்து விமான நிலையக் கோபுரம் வருகிறது. திரும்பி வந்தால் ரிக் சிகரெட்டோடு ஜன்னலருகே நிற்கிறார். எண்பது ஆண்டுகளாக ஜனங்கள் அந்தச் சிகரெட்டைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறார்கள்.

பிரீன் அலுவலகக் கோப்புகள் ஏறத்தாழ 20,000 படங்களுக்கு இங்கே இருக்கின்றன. ஸ்டூடியோக்கள் தூக்கிப்போட்ட வசனத்தையும், எடுக்கவே படாத முத்தத்தையும் பக்க எண்ணோடு காப்பாற்றி வைத்தவர்கள் அவற்றை வெட்டச் சொன்னவர்களேதான். ரசிகர்கள்கூட இவ்வளவு சிரத்தையாகச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

எதிர் மேசை மாணவியிடம் இதே ரகக் கோப்புகள் ஓர் அடுக்கு. திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிக்கிறாள். ஸ்வெட்டர்க்காரர் முறைக்கிறார். அவள் சைகையால் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பென்சிலை எடுத்து வேகவேகமாக எழுதத் தொடங்குகிறாள். பிரீன் இருந்திருந்தால் அவள் ஆய்வேட்டுக்கும் பக்க எண் போட்டு ஒரு கடிதம் அனுப்பியிருப்பார்.