சுவரோடு செல்லும் சொல்

எங்கள் வீட்டில் இருவருமே ஆசிரியர்கள். ஒருவருக்குத் தமிழ், மற்றவருக்கு இயற்பியல். இரவு உணவுக்குப் பின் ஒருவர் பாடத்தை மற்றவரிடம் சொல்லிப் பார்ப்பது முத்தியால்பேட்டைக்குக் குடிவந்த நாள்முதல் எங்கள் வழக்கம். அண்மையில் அப்படி வந்து விழுந்த சொல் ‘ஒளி ஒத்ததிர்வி’. தலைமயிரின் பருமனை ஒத்த ஒரு கண்ணாடி மணி, தன்மேல் படும் மிக நுண்ணிய விசையையும் உணர்ந்து காட்டிவிடுமாம். எப்படி என்ற கேள்விக்குக் கிடைத்த விடை எங்களைப் பிஜப்பூருக்குக் கொண்டுபோயிற்று.

பத்தாண்டுகளுக்கு முன் அம்மாவுடன் கோல் கும்பஸ் பார்க்கப் போயிருந்தோம். 1656இல் கட்டி முடிக்கப்பட்ட, முகம்மது அடில் ஷாவின் கல்லறை அது. கூட்டம் வருமுன் படியேறி, குவிமாடத்தின் உட்புறம் வட்டமாக ஓடும் மாடத்தை அடைந்தோம். அம்மா ஒரு பக்கம், நாங்கள் எதிர்ப்பக்கம். நடுவே ஏறத்தாழ 38 மீட்டர் வெற்றிடம். சுவரைப் பார்த்து நின்று, “அம்மா, காப்பி குடிக்கலாமா?” என்று முணுமுணுத்தோம். சற்றுப் பொறுத்து எங்கள் காதருகே சுவர் சொல்லிற்று: “சர்க்கரை கம்மியா.”

இந்த விந்தையை லண்டன் தூய பவுல் பேராலயத்தில் ஆராய்ந்தவர் ராலே பிரபு. ஒலி மாடத்தின் நடுவே பாய்ந்து வருவதில்லை, வளைந்த சுவரை ஒட்டியே ஊர்ந்து செல்கிறது என்று அவர் விளக்கினார். சுவரோரம் ஒரு குறுகலான பலகையை வைத்தாலே போதும், அந்த ஒலி அறுந்துபோகும். 1921இல் லண்டன் சென்ற சி.வி. ராமன், சதர்லாந்து என்பவருடன் சேர்ந்து அதே மாடத்தில் சோதனை செய்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த அம்மனிதர் நாடு திரும்பியபின் கோல் கும்பஸையும் பாட்னாவின் கோல்கரையும் ஆராயாமல் விடவில்லை. சுவரருகே ஒலி சீராகத் தேய்வதில்லை, கூடிக் குறைந்து அலைகிறது என்று கண்டார்.

அந்த மாடத்தைச் சுருக்கி, ஒலிக்குப் பதில் ஒளியை ஓடவிட்டால் அதுவே நாம் பேசும் கண்ணாடி மணி. ஒளியிழையின் நுனியை உருக்கினால் பரப்பு இழுவிசை அதைத் தானே உருட்டிக் கோளமாக்கிவிடும். 1989இல் மாஸ்கோவில் பிராகின்ஸ்கியும் அவருடைய தோழர்களும் இத்தகைய கோளத்துக்குள் ஒளி எவ்வளவு நீடித்துச் சுழலும் என்பதைக் காட்டினார்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள நல்ல கோளத்தில், நொடியைக் கோடிக் கூறிட்டால் அதில் ஒரு கூறுக்கும் குறைவான நேரத்துக்குள், ஒளி ஏறத்தாழ ஐம்பதாயிரம் சுற்றுச் சுற்றிவிடுகிறது.

எல்லா ஒளிக்கும் அந்தப் பேறு இல்லை. ஒரு சுற்றுக்குள் முழு எண்ணிக்கையில் அலைகள் அடங்கும் நிறமே நிலைக்கும், பிற கலைந்துபோகும். கோளத்தை ஏதேனும் ஒன்று மெல்ல அழுத்தினால் அதன் சுற்றளவு இம்மியளவு மாறும். நிலைக்கும் நிறமும் மாறும். ஒரு சுற்றில் புலப்படாத பிழை ஐம்பதாயிரம் சுற்றில் திரண்டு புலப்படுகிறது. ஆரம் ஓர் அணுவின் அகலத்தில் இருநூறில் ஒரு பங்கு மாறினாலும் கண்டுகொள்ளலாம் என்று கணக்கு சொல்கிறது. 2020இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தார் இதைவிடவும் சிறிய மணிகளை இதயச் செல்களுக்குள் செலுத்தி, ஒவ்வொரு செல்லும் துடிப்புதோறும் சுருங்குவதை ஒளியின் நிறமாற்றத்தால் பின்தொடர்ந்தார்கள்.

இவ்வளவையும் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா எதிரே தட்டை வெறித்தபடி அமர்ந்திருந்தார். “என்ன பேசறீங்க?” என்றார். சொன்னோம். “என்ன?” என்றார். குரலை உயர்த்திச் சொன்னோம். மூன்றாம் முறை எங்கள் வாயில் தானாக வந்தது: “ஒண்ணுமில்லம்மா, விடுங்க.”

இந்த இரண்டாண்டில் அத்தொடரை எத்தனை முறை சொல்லியிருப்போம் என்று அப்போதுதான் உறைத்தது. செவியும் ஒரு விசை உணரிதானே! உட்செவியின் நுண்மயிர்கள் அணுவளவு அசைவையும் அறிய வல்லவை. முதுமையில் அவை உதிர்ந்தால் மீண்டும் முளைப்பதில்லை. காது மருத்துவர் சொல்லியும் எங்களுக்கு ஏறாத ஒன்றை அம்மாவே அன்று சொன்னார்: “கத்தினா சத்தந்தான் கேக்குது. பேச்சு கேக்கல.”

பிஜப்பூரில் நாங்கள் கத்தவில்லை. அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டார், வயதாகிவிட்டது என்று நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையில் குறைத்துக்கொண்டவர்கள் நாங்கள்தாம்.

இப்போது மாலையில் கடற்கரைச் சாலைக்குப் போனால், பாறையில் மோதும் அலையிரைச்சலுக்கு அஞ்சி, உட்தெரு ஒன்றில் திரும்பிவிடுகிறோம். முகம் பார்த்து, நிதானமாக, தாழ்ந்த குரலில் பேசுகிறோம். நேற்று “காப்பி குடிக்கலாமா?” என்று கேட்டோம். நான்காம் முறைதான் எட்டிற்று. ஐம்பதாயிரத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய எண்ணிக்கை அன்று.